நடுச்சாமத்துக் காகம் சுனாமியைச் சொல்லவில்லை

“மட்டக்களப்பில் நடுச்சாமத்தில் காகம் கரைகிறது, திரும்பவும் சுனாமி வரப்போகிறது” என்று வாட்ஸப்பில் சுற்றும் குரல்பதிவு பொய். 2004ஐக் கண்ட ஊரை இப்படிப் பயமுறுத்துவது கொடுமை. கடலடி நிலநடுக்கம் வரும் நாளை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. எச்சரிக்கை இருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அறிவிக்கும்.

சரி, காகம் ஏன் கரைகிறது? கல்லடிப் பக்கம் தெருவிளக்கை ஒட்டிய கொப்பைப் பாருங்கள். இலையெல்லாம் பகல்போல வெளிச்சம். அதற்குள் ஒரு காகம் தலையைச் சிறகுக்குள் செருகுகிறது, எடுக்கிறது, இடம் மாறுகிறது, பாவம். இரவு வெளிச்சம், தூக்கத்தோடு தொடர்புள்ள மெலடோனின் என்ற ஓமோனின் சுரப்பைக் குறைத்துப் பறவைகளின் தூக்கத்தைக் கெடுக்கும். பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் பறவைகளின் கூட்டுப்பெட்டிக்குள் சின்ன விளக்கு வைத்துப் பார்த்தார்கள். 2015இல் முடிவு வெளிவந்தது. பட்டாணிக்குருவிகள் குறைவாகத் தூங்கின, காலையில் வழக்கத்துக்கு முன்பே கிளம்பிவிட்டன. நிலாக்காலத்திலும் காகம் கரையும், அம்மம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள்.