ஸ்பகெட்டி ஜங்ஷனுக்கு எம்5 வருவதில்லை

இங்கிலாந்தின் பர்மிங்காமில் உள்ள ஸ்பகெட்டி ஜங்ஷன் என்ற சாலைச் சந்திப்பில்தான் எம்5, எம்6 என்ற இரண்டு மோட்டார்வேக்களும் (அதிவேக நெடுஞ்சாலைகள்) சந்திக்கின்றன என்று ஒரு தகவல் பரவுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. 1972-இல் திறக்கப்பட்ட அந்த இடம் எம்6-இன் 6-ஆம் சந்திப்பு. அங்கே வந்து சேர்வது, நகர மையத்துக்குப் போகும் ஏ38(எம்) என்ற ஆஸ்டன் எக்ஸ்பிரஸ்வே. எம்5 முடிவது அதற்கு மேற்கே, எம்6-இன் 8-ஆம் சந்திப்பில்.

இணைய வரைபடத்தில் எம்5-ஐப் பிடித்துக்கொண்டு வடக்கே போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும். அப்புறம், சாலைக் காட்சியில் நீலப் பலகையின் இடது கீழ்மூலையைப் பெரிதாக்குங்கள். கறுப்புக் கட்டத்துக்குள் வெள்ளையில் சந்திப்பு எண் இருக்கும். மோட்டார்வேயில் ஒரு சந்திப்பைத் தவறவிட்டால் அடுத்த சந்திப்பு வரை வெளியேற முடியாது, அதனால்தான் இதைச் சொல்கிறேன். முதல் தடவை போகிறவர்கள் பெயரைவிட எண்ணைக் குறித்துக்கொள்வது நல்லது.