டீச்சரின் தொண்டைக்கும் லீவு வேண்டும்

கை ஒடிந்து கட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் ஊரே நின்று விசாரிக்கும். தொண்டை கட்டிப்போய் வகுப்புக்கு வந்தால், "வெந்நீர் குடிங்க டீச்சர், சரியாயிடும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. கேரளத்தின் பாலக்காடு ஜில்லாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் மீடியத்தில் பாடம் எடுக்கிற எனக்கு இது பல வருட ஆதங்கம்.

எங்கள் பிள்ளைகள் வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் கேட்டு வளர்கிறவர்கள். ஒன்றாம் வகுப்பில் பாதிச் சொற்கள் புரியாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும், டீச்சர் கோபமாக இருக்கிறாரா செல்லமாகச் சொல்கிறாரா என்பது குரலிலேயே தெரிந்துவிடும். கடைசி பெஞ்சில் ஜன்னல் வழியே லாரியைப் பார்த்துக்கொண்டிருக்கிற பையனை அதட்டவே வேண்டாம். கதையின் நடுவில் ஒரு வரியை மட்டும் குரலை இறக்கிச் சொன்னால் அவன் தலை தானாகத் திரும்பும். இந்த வேலையை எந்தப் புத்தகமும் எந்த ஸ்மார்ட் போர்டும் செய்யாது.

ஆனால் அதற்கு உடம்பு என்ன விலை கொடுக்கிறது என்று பாருங்கள். குரல் நாண்கள் என்பவை தொண்டைக்குள் இருக்கிற இரண்டு சின்ன மடிப்புகள். பேசும்போது பெண்களுக்கு அவை நொடிக்குச் சுமார் 200 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. ஆண்களுக்கு இதில் பாதிதான். ஒரு பீரியடில் பத்து நிமிடம் மட்டும் குரல் ஒலித்தால்கூட 1,20,000 மோதல். நாளைக்கு ஐந்து பீரியட் என்றால் ஆறு லட்சம். கத்தினால் ஒவ்வொரு மோதலும் இன்னும் பலமாக விழும். மண்வெட்டி பிடிக்கிற கையில் காய்ப்பு விழுகிற மாதிரி, அந்த நாண்களிலும் சின்னச் சின்ன முடிச்சு விழுகிறது. போதாததற்கு, கார்த்திகை மார்கழியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற வறண்ட கிழக்குக் காற்று. தூசியும் சாக்பீஸ் பொடியும் சேர்ந்தால் தொண்டை காய்ந்தே போகும்.

என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சருக்கு இப்படித்தான் ஆனது. நன்றாகப் பாடுவார், அஸெம்ப்ளியில் பிரார்த்தனைப் பாட்டு அவருடையதுதான். மேல்ஸ்தாயி, அதாவது உச்சக் குரல், முதலில் போனது. அப்புறம் மத்தியானத்துக்கு மேல் பேச்சே வராது, காற்றுதான் வரும். சிரமம் கொடுக்காமல் பேசுகிறோம் என்று நினைத்துக் கிசுகிசுத்தே பாடம் எடுத்தார். பலருக்கு அதுவும் நாண்களை இறுக்கத்தான் செய்யும். கடைசியில் இ.என்.டி. டாக்டர் முடிச்சு என்றார். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அடிவயிற்றிலிருந்து மூச்செடுத்துப் பேசச் சொல்லிக்கொடுத்தார்கள். தொல்காப்பியர் பிறப்பியலில் எழுத்தொலிக்கான காற்றை உந்தியிலிருந்துதான், அதாவது கொப்பூழிலிருந்துதான், தொடங்குகிறார். நாங்கள் அதை இலக்கணமாகப் பரீட்சைக்குப் படித்தோம், மூச்சாக யாரும் பழக்கவில்லை. பி.எட்.டில் கரும்பலகையில் எழுதக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள், குரலைப் பற்றி ஒரு மணி நேரம் கிடையாது.

எங்கள் ஜில்லாக்காரர், கர்நாடக சங்கீதப் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதருக்குக் குரல் போனதையும், அது திரும்பி வந்து அவர் குருவாயூரப்பனுக்கே தன்னை ஒப்படைத்ததையும் இன்றும் உருகிச் சொல்கிறார்கள். சொல்லட்டும், சொல்ல வேண்டிய கதைதான். ஆனால் டீச்சருக்குக் குரல் போனால் அது சளி. 1854ல் ஒரு சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, தன் குரல் நாண்கள் அசைவதைத் தானே பார்த்த மனுவேல் கார்சியாவும் டாக்டர் அல்ல, பாட்டு வாத்தியார். கற்றுக்கொடுக்கிறவருக்குத்தான் அந்தக் கவலை வந்திருக்கிறது.

டீச்சர்களே, குரல் கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கஷாயத்தோடு நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். சும்மா சும்மா கனைக்காதீர்கள், தண்ணீரைப் பக்கத்திலேயே வையுங்கள். பெற்றோர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பி.டி.ஏ. கூட்டத்தில் ஃபேன், பெஞ்சு என்று பட்டியல் போடும்போது, கழுத்தில் மாட்டுகிற சின்ன மைக்கையும் சேர்த்துக் கேளுங்கள். தகர ஷீட் போட்ட வகுப்புகளுக்கு முதலில் கொடுக்கச் சொல்லுங்கள். மழை பிடித்தால் அங்கேதான் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது.