ஆமாம், கேட்டேன். இனியும் கேட்பேன்

அந்த ஸ்கிரீன்ஷாட் எனக்கும் வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. ஒருவருக்கு மட்டும் தனியாக நான் அனுப்பிய இரண்டு வரி மெசேஜ், வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள் வாட்ஸ்அப்பில் ஃப்ரிஸ்கோ, பிளேனோ, மெக்கின்னி என்று டாலஸ் சுற்றுவட்டாரமெல்லாம் சுற்றி, கண்ணில் நீர் வரச் சிரிக்கும் பொம்மைகளோடு என் போனுக்கே திரும்பி வந்துவிட்டது. எல்லோருக்கும் தெரிந்த பிறகு நான் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

நான் கேட்டது துப்பாக்கியைப் பற்றி: “வீட்டுல கன் இருக்கா? இருந்தா பூட்டித்தானே வெச்சிருக்கீங்க?”

பிறந்தநாள் விருந்துக்குப் போய் என் மகள் ராத்திரி தங்கப் போகிற வீடு. அவளுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளுமா என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். நாயைக் கண்டால் பயப்படுவாளா என்று கேட்டார்கள். நானும் ஒன்று கேட்டேன். அவ்வளவுதான் நடந்தது.

வந்த பதில் “இருக்கு” இல்லை. “இல்லை”யும் இல்லை. “என்னக்கா, எங்களைப் போய் இப்படி நினைச்சுட்டீங்களே.” எப்படி நினைத்தேன் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. கொலைகாரர்கள் என்று நினைத்திருந்தால் பிள்ளையை அனுப்பலாமா என்றே யோசித்திருக்க மாட்டேனே!

அப்புறம் ஆரம்பித்தது கச்சேரி. “அக்கா வீட்டுக்குப் போனா மெட்டல் டிடெக்டர் வழியாத்தான் போகணுமாம்.” “எங்க வீட்ல பீரங்கி இருக்கு, பரவாயில்லையா?” பீரங்கி பரவாயில்லை, தம்பி. அதை ஒன்பது வயதுப் பிள்ளையால் தூக்க முடியாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். துப்பாக்கி வைத்திருப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. தூக்கி எறியுங்கள் என்று சொல்லவில்லை. பூட்டியிருக்கிறதா என்று கேட்டேன். இந்த நாட்டில் ஆட்களைவிடத் துப்பாக்கிகள் அதிகம். பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரிடம் துப்பாக்கி இருக்கிறது. டெக்சஸில் இருந்துகொண்டு, பிள்ளை போகிற வீட்டில் அது இருக்குமோ என்று ஒரு அம்மாவுக்குத் தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். பிள்ளையை வேறு வீட்டுக்கு அனுப்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே சொல்கிறது. நான் ஏதோ புதுசாகக் கண்டுபிடித்துக் கேட்ட மாதிரி பேசுகிறீர்கள்.

சட்டம் படித்த தம்பி ஒருவர் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையைச் சொல்கிற இரண்டாவது அரசியல் சாசனத் திருத்தம், 1791, ஹெல்லர் வழக்கு, 2008 என்று பாடமே எடுத்துவிட்டார். சரி. ஹெல்லர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், வீட்டுத் துப்பாக்கியைப் பிரித்துப் போட வேண்டும் அல்லது பூட்டி வைக்க வேண்டும் என்ற வாஷிங்டன் நகரச் சட்டம் செல்லாது என்றார்கள். உண்மைதான். அதே தீர்ப்பில் இந்த உரிமை வரம்பற்றது அல்ல என்றும் நீதிபதி ஸ்காலியா எழுதியிருக்கிறார். அந்தப் பக்கத்துக்கு வருவதற்குள் தம்பிக்குத் தூக்கம் வந்துவிட்டது போலிருக்கிறது. அதெல்லாம் இருக்கட்டும். அரசாங்கம் உங்களைக் கட்டாயப்படுத்தலாமா கூடாதா என்பதுதானே அங்கே வழக்கு? நான் அரசாங்கம் இல்லை. தலையணையும் பல் துலக்கும் பிரஷும் கொடுத்துப் பிள்ளையை உங்கள் வீட்டுக்கு அனுப்புகிறவள்.

டெக்சஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து 21 வயது தாண்டியவர்கள் பெரும்பாலும் லைசென்ஸே இல்லாமல் இடுப்பில் சொருகிக்கொண்டு நடக்கலாம் என்று அனுமதித்த மாநிலம். அந்த மாநிலத்திலேயே 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியை அலட்சியமாக விட்டுவைத்து, அது பிள்ளை கைக்குப் போய்விட்டால் குற்றம். 1995-இலிருந்து அதுதான் சட்டம். நீங்கள் வாங்கிய கடைச் சுவரிலேயே அந்த எச்சரிக்கையை ஒட்டியிருப்பார்கள். ஒட்டவேண்டும் என்பதும் சட்டம்தான். கடைக்காரர் சுவரில் ஒட்டியபோது உங்கள் மனசு புண்படவில்லை. நான் கேட்டதும் புண்பட்டுவிட்டது.

கேள்வி கேட்பதையே குற்றமாக்கிய ஊரும் உண்டு. ஃப்ளோரிடாவில் 2011-இல், துப்பாக்கி இருக்கிறதா என்று டாக்டர்கள் நோயாளிகளிடம் கேட்பதற்கே தடை போட்டார்கள். 2017-இல் அப்பீல் கோர்ட் அந்தத் தடையை ரத்து செய்தது. நம் வாட்ஸ்அப் குழுவுக்கு அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை.

இனி, எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி சொன்ன பதில்: “எங்க வீட்ல அது எங்க இருக்குன்னே பசங்களுக்குத் தெரியாது.”

தெரியும். அலபாமாவில் பெற்றோரையும் பிள்ளைகளையும் தனித்தனியே விசாரித்து 2006-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பிள்ளைக்கு இடம் தெரியாது என்று அடித்துச் சொன்ன பெற்றோரில் நூற்றுக்கு 39 பேரின் பிள்ளைகள் “எனக்குத் தெரியுமே” என்றார்கள். அட்லாண்டாவில் இன்னொரு ஆய்வு, 2001-இல் வந்தது. 8 முதல் 12 வயதுப் பையன்களை இரண்டு மூன்று பேராக ஒரு அறையில் விட்டார்கள். இழுப்பறை ஒன்றில், சுட முடியாதபடி மாற்றிய நிஜத் துப்பாக்கி. நேரம் கால் மணிதான். 29 குழுக்களில் 21 அதைக் கண்டுபிடித்துவிட்டன. 16 குழுக்கள் கையில் எடுத்தன. 10 குழுக்களில் யாராவது ஒருவன் விசையை அழுத்தியே பார்த்துவிட்டான். எடுத்தவர்களில் பெரும்பாலானோர், துப்பாக்கியைத் தொடக்கூடாது என்கிற மாதிரி ஏதாவது ஒரு பாதுகாப்புப் பாடம் ஏற்கனவே கேட்டவர்கள். தீபாவளிப் பலகாரத்தை எந்த அலமாரியில் வைத்தாலும் மோப்பம் பிடிக்கிற பிள்ளைகளை வைத்துக்கொண்டா இந்த நம்பிக்கை?

நீச்சல் குளத்தில் மூழ்கிச் சாகும் குழந்தைகள்தானே அதிகம் என்று ஒரு அண்ணா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஒன்றிலிருந்து நான்கு வயது வரை பார்த்தால் தண்ணீர்தான் முதல் எமன். அதனால்தான் குளம் இருக்கிற வீடு என்றால் கேட்டைச் சாத்தியிருப்பீர்களா என்றும் கேட்பேன். அதற்கு இதுவரை ஒருவரும் கோபித்துக்கொண்டதில்லை. ஒன்றிலிருந்து பத்தொன்பது வயது வரை மொத்தமாகப் பார்த்தால் 2020-இலிருந்து துப்பாக்கிதான் முதலிடம். அண்ணா அந்தக் கணக்கையும் போட்டிருக்கலாம்.

ஏன் வாங்கினீர்கள் என்று எனக்குத் தெரியாதா? 2023 மே 6, பக்கத்து ஊர் ஆலன் மாலில் துப்பாக்கிச் சூடு. எட்டுப் பேர் செத்தார்கள். அதில் ஒருவர் ஹைதராபாத்திலிருந்து வந்த இளம் பொறியாளர். நாம் எல்லோரும் செருப்பு வாங்குகிற இடம். அன்று ராத்திரி நானும் தூங்கவில்லை. அடுத்த சில மாதங்களில் நம் வட்டத்தில் யார் யார் கடைக்குப் போனார்கள் என்பதும் தெரியும். பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். (என் பயத்தை நீங்கள் செய்தீர்கள். அது வேறு விஷயம்.) இண்டியானாவில் கிரீன்வுட் மாலில் 2022-இல் துப்பாக்கி வைத்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் சில நொடிகளில் கொலைகாரனைச் சுட்டு வீழ்த்தினார் என்று எனக்கு லிங்க் அனுப்பியவருக்கு: ஆமாம், நடந்தது. அந்த இளைஞர் கெட்டிக்காரர். ஆனால் அவர் துப்பாக்கி அவர் உடம்போடு இருந்தது. உங்களுடையது மாடியில் கட்டில் பக்கத்து டிராயரில் இருக்கிறது. ஆலன் மாலுக்கும் அந்த டிராயருக்கும் என்ன சம்பந்தம்?

திருடன் வரும்போது பூட்டைத் திறந்துகொண்டிருக்க முடியுமா என்பீர்கள். விரல் வைத்தால் சட்டென்று திறக்கிற பெட்டிகள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

இப்போது சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலும் கொஞ்ச காலம் துப்பாக்கி இருந்தது.

வேலை போன நண்பர் ஒருவர். சிட்டிசன், அதனால் விசா கவலை இல்லை. வீட்டுக் கடன், படிக்கிற பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஒரு நாள் ராத்திரி வந்து என் கணவரிடம் ஒரு பெட்டியைக் கொடுத்து, “இது கொஞ்ச நாள் உங்ககிட்ட இருக்கட்டும்” என்றார். என் கணவர் ஏன் என்று கேட்கவில்லை. நான் டீ போட்டுக் கொடுத்தேன். போன பிறகுதான் பெட்டியைத் திறந்து பார்த்தோம். போலீஸ்காரர்கள் இலவசமாகக் கொடுக்கிற பூட்டு ஒன்றை மறுநாளே வாங்கி வந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி, சைக்கிள் பூட்டுக்குக் குட்டி பிறந்த மாதிரி. தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, மேல்புறத் திறப்பில் கம்பியை நுழைத்து, தோட்டாக்களை அடுக்கும் கூடான மேகசினைச் செருகுகிற ஓட்டை வழியாக வெளியே இழுத்து, பூட்டைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான், பிறகு மேகசின் உள்ளே போகாது. ஒரு நிமிட வேலை. தோட்டாக்கள் வேறு அறையில் வேறு பெட்டியில்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவுக்கும் முன்கூட்டியே சொன்னேன். “இருக்கு, பூட்டி இருக்கு.” ஒருவர் மட்டும் “சரி, அப்போ எங்க வீட்ல விளையாடட்டும்” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை. அவள் பிள்ளை, அவள் முடிவு. நண்பருக்குப் பிறகு வேலை கிடைத்தது. வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார். நன்றாக இருக்கிறார். இதைப் படித்துக்கொண்டும் இருப்பார், எழுதலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவர் எதற்காக அதை வீட்டைவிட்டு அனுப்பினார் என்று உங்களுக்குப் புரிகிறதா? துப்பாக்கி என்றதும் திருடன், கேங், மால் என்றே பேசுகிறோம். இந்த நாட்டில் 2023-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 46,000-க்கு மேல். அதில் பாதிக்கு மேல், சுமார் 27,300 பேர், தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். வேறு வழியில் முயன்றவர்களில் பலர் பிழைத்து எழுந்து வருகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைத்தால் அதிகம். நம் வீடுகளில் கிரேடு குறைந்ததற்காகக் கதவைச் சாத்திக்கொள்ளும் பதினைந்து வயசுகள் எத்தனை? சாத்திய கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியுமா? அதைப் பற்றி மட்டும் நாம் பேச மாட்டோம். பேசினால் குடும்ப மானம் போய்விடும்.

மிஷிகனில் ஆக்ஸ்ஃபோர்டு பள்ளியில் 2021-இல் நான்கு மாணவர்களைக் கொன்ற பையனும் ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளைதான். அப்பா வாங்கி நான்கு நாள் ஆன துப்பாக்கி. கம்பிப் பூட்டு உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. 2024-இல் அப்பா அம்மா இருவருக்கும் குறைந்தது பத்து வருஷம் சிறை. வர்ஜீனியாவின் நியூபோர்ட் நியூஸ் நகரில் 2023 ஜனவரியில் டீச்சரைச் சுட்ட பையனுக்கு வயது ஆறு. அம்மா சட்டப்படி வாங்கிய துப்பாக்கி. இவர்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருந்தால் “என்ன, எங்களைப் போய்...” என்றுதான் பதில் வந்திருக்கும்.

அப்புறம், தவறான கதவைத் தட்டுகிறவர்கள் யார்? 1992-இல் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் விருந்துக்கு வழி மாறி வேறு வீட்டு மணியை அடித்த 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரியைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவரை ஜூரி விடுதலை செய்தது. 2023-இல் கான்சஸ் சிட்டியில், தம்பிகளைக் கூட்டிவரப் போய் வீடு மாறி மணியடித்த ரால்ஃப் யார்ல் என்ற பையன், அவனுக்கும் 16 வயது, தலையில் குண்டு பட்டுத் தெய்வாதீனமாகப் பிழைத்தான். பயந்தோம், அதனால் சுட்டோம் என்பதுதான் இரண்டு இடத்திலும் சொன்ன காரணம். பள்ளிக்கு நன்கொடை வசூலிக்கத் தெருத்தெருவாக மணியடிக்கிற நம் பழுப்பு நிறப் பிள்ளைகளைப் பார்த்து யாராவது பயந்தால்? நீங்கள் கையில் எடுத்திருக்கிற அதே பயம்தானே அந்தக் கதவுக்குப் பின்னாலும் நிற்கிறது?

என் பெரியப்பாவிடம் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தது. தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி வருவார், முடிந்ததும் போய் எடுத்து வருவார். வீட்டில் எந்த அறையில் எப்படிப் பூட்டியிருக்கிறது என்று கேட்டால் சாவியோடு காட்டுவார், கூடவே அரை மணி நேரம் அதன் வரலாறும் சொல்வார். தன் ஆண்மையைச் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று அவர் ஒருநாளும் முறுக்கிக்கொண்டதில்லை.

“ரொம்ப ஓவர், உங்களால அந்தக் குழந்தை பர்த்டே கெட்டுப்போச்சு” என்பவர்களுக்கு: கெடவில்லை. என் மகள் கேக் சாப்பிட்டாள், ஆடினாள், பத்து மணிக்கு நான் போய்க் கூட்டி வந்தேன். காரில் அழுதாள். அந்த அழுகைக்கு நான் பொறுப்பு, ஒத்துக்கொள்கிறேன். “இருக்கு, பூட்டியிருக்கு” என்று இரண்டு வார்த்தை வந்திருந்தால் அவள் அங்கேயே தூங்கியிருப்பாள். பொய் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பேன். நான் அவ்வளவு நம்பிக்கை வைத்திருந்த வீடு அது.

கேட்டது நான். பிள்ளை என்னுடையது, மெசேஜ் என்னுடையது. ஆனால் சமாதானம் பேச வந்தவர்கள் எல்லோரும் என் கணவரைக் கூப்பிட்டார்கள். “வீட்ல கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க ப்ரோ.” அவர் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை, பெட்டியை வாங்கி உள்ளே வைத்தது அவர்தான். திட்ட வேண்டும் என்றாலும் என்னையே கூப்பிட்டுத் திட்டுங்கள். என் நம்பர் அந்த ஸ்கிரீன்ஷாட்டின் மேலேயே இருக்கிறது, அதை மறைக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.