தேன் சர்க்கரைக் கணக்கில் வராதா?

“தேன் இயற்கையானது, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது, நீரிழிவு வந்தவர்கள் சர்க்கரைக்குப் பதில் தாராளமாகச் சேர்க்கலாம்” என்றொரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

தேனில் சுமார் 80 சதவீதம் சர்க்கரைதான். மீதி பெரும்பாலும் தண்ணீர். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம். அதே கரண்டியில் தேன் அடர்த்தியால் 7 கிராம் பிடிக்கும், அதில் கார்போஹைட்ரேட் கிட்டத்தட்ட 6 கிராம். ஆக, கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. பிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை இருப்பதால் ரத்தச் சர்க்கரையின் ஏற்றம் சற்று மெதுவாகலாம், அவ்வளவுதான்.

நம்பாதவர்கள் குளுக்கோமீட்டரில் பார்க்கலாம்: சாப்பிடும் முன் ஒருமுறை, முதல் வாய் எடுத்து 2 மணி நேரம் கழித்து ஒருமுறை. பலருக்கும் மருத்துவர் வைக்கும் இலக்கு முன்பு 80–130 mg/dL, பின்பு 180-க்குக் கீழே. விரலில் தேன் பிசுக்கு ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக எகிறும். சானிடைசர் அதை முழுதாக நீக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும்.

தேன் உதவும் நேரமும் உண்டு, அதே காரணத்தால்தான். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் ஒரு மேசைக்கரண்டி தேன் எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளவு பார்க்கலாம். ஏறவில்லை என்றால் இன்னொரு மேசைக்கரண்டி. நினைவிழந்தவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும்.