தப்பிச்ச மீனுக்கு எதுக்குடா முதல் பரிசு

நேத்து ராத்திரி மறுபடியும் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. மூணு நிமிஷம். "மச்சான் அது மட்டும் அன்னிக்குக் கரைக்கு வந்திருந்தா"ன்னு ஆரம்பிச்சான், அதுக்கு மேல கேக்க முடியல, போனைக் கவுத்து வச்சுட்டேன். போன வாரம் வரைக்கும் மூணடியா இருந்த மீன் நேத்து நாலடி ஆயிடுச்சு. தண்ணிக்குள்ள வளர வேண்டிய மீன் இவன் வாய்க்குள்ள வளருது.

உங்க செட்லயும் இப்படி ஒருத்தன் இருப்பான், அதனால அவன் எப்படிப்பட்டவன்னு நான் விளக்க வேண்டியதில்ல.

ஏழு பேரு. ஒரே கிளாஸ். வருஷத்துக்கு ஒரு தடவ தூண்டிலத் தூக்கிட்டு ஏரிக்கரையில கூடறோம், அதுக்குப் பேரு போட்டி. ரூலு ஒண்ணே ஒண்ணுதான்: மீனை டேப் மேல படுக்க வச்சு, வாயை மூடி, மூக்கு நுனியிலேர்ந்து வால் நுனி வரைக்கும் அளக்கணும், போட்டோ எடுத்துட்டு தண்ணியில விடணும், யார் மீன் நீளமோ அவன் ஜெயிச்சான். இந்த ரூலை குரூப்புல டைப் பண்ணிப் போட்டதே இவன்தான்!

காலையில ஏழேகாலுக்கு எனக்கு மீன் மாட்டுச்சு. தாமரை இலை ஓரமா ரப்பர் தவளையைப் போட்டு மெதுவா இழுத்துட்டு வரேன், டப்புனு அடிச்சுது. விரால் அடிச்சா உடனே வெட்டி இழுக்கக்கூடாது, தவளையை உள்ள வாங்கட்டும்னு ரெண்டு செகண்ட் பொறுக்கணும், அந்த ரெண்டு செகண்ட் எப்படி இருக்கும்னு தூண்டில் பிடிச்சவனுக்குத்தான் தெரியும். கரைக்குக் கொண்டாந்தேன். வழவழப்பு போயிடக்கூடாதுன்னு கையை நனைச்சுட்டுத்தான் தொட்டேன். 43 சென்டிமீட்டர், தராசுல 800 கிராம். ஆறு பேர் பாத்தாங்க, போட்டோ இருக்கு, டேப்பைப் பிடிச்சிருந்தவனே "43 கரெக்ட்டு"ன்னு சத்தமா சொன்னான்.

பத்தரை மணி இருக்கும், அந்தப் பக்கத்திலேர்ந்து ஒரு கத்தல். ஓடிப் போய்ப் பாத்தா இவன் முழங்கால் தண்ணியில நிக்கறான், ராடு மேல, தூண்டில் நரம்பு காத்துல ஆடுது, மீன் இல்ல. அப்ப அவன் சொன்னது ஒரே வார்த்தை, "பெருசு". அவ்ளோதான். அஞ்சு நிமிஷம் கழிச்சு "ரெண்டு கிலோ தாண்டும்டா". மதியம் நிழல்ல உக்காந்தப்ப "மூணடி, அஞ்சு கிலோ, விரால்தான், தலையை வெளிய நீட்டி என்னையப் பாத்துது". சாமான் கட்டறப்ப பத்து கிலோ தாங்கற நரம்பையே அறுத்துட்டுப் போன மீன் ஆயிடுச்சு.

இங்கதான் எனக்கு ரத்தம் கொதிச்சுது. ஏன்னா நான் அந்த நரம்பைக் கையில வாங்கிப் பாத்தேன். நுனி எப்படி இருந்துது தெரியுமா? பன்னி வாலு மாதிரி சுருண்டு இருந்துது, சின்ன ஸ்பிரிங்கு மாதிரி. நரம்பு அறுந்திருந்தா அப்படி சுருளாது, பட்டுனு வெட்டுன மாதிரி இருக்கும், இல்ல கல்லுல உரசி சொரசொரன்னு இருக்கும். சுருண்டு இருந்தா முடிச்சு உருவிக்கிட்டு வந்துடுச்சுன்னு அர்த்தம். எந்த மீனும் எதையும் அறுக்கல! காலையில இவன் முள்ளு கட்டறப்பவே நான் பக்கத்துல நின்னு சொன்னேன், "எச்சில் தொட்டு நனைச்சு இறுக்குடா, இன்னும் ரெண்டு சுத்து சுத்துடா"ன்னு. கேட்டானா? காஞ்ச நரம்புல ரெண்டே சுத்து, வெடுக்குனு ஒரு இழு, "எனக்குத் தெரியும் விடு"ன்னான். அந்த மாதிரி முடிச்சு உருவறதுக்கு அஞ்சு கிலோ மீன் வேணாம், கையளவு ஜிலேபி கெண்டை போதும்.

கணக்காவது ஒத்துப்போகுதா? மூணடின்னா 91 சென்டிமீட்டர். என் மீனைவிட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. மீன் நீளம் ரெண்டு மடங்கானா எடை கிட்டத்தட்ட எட்டு மடங்காகும், நீளம் மட்டுமா கூடுது, அகலமும் கனமும் சேந்துதான கூடும். அப்போ மூணடி விரால் ஏழு கிலோவுக்கு மேல இருக்கணும். இவன் சொல்றது அஞ்சு. நேத்து சொன்ன நாலடிக்கு 122 சென்டிமீட்டர் வருது, இந்த விராலுக்கு ஒரு மீட்டரே உச்சம். இதெல்லாம் குரூப்புல எழுதிப் போட்டேன், பதிலுக்கு ஆறு சிரிப்பு பொம்மை.

சரி, அவன் சொன்னான், சொல்லிட்டுப் போகட்டும். சாயங்காலம் பதக்கத்தை எடுத்து அவன் கழுத்துல போட்டாங்களே, அதைத்தான் என்னால தாங்க முடியல. "மச்சான், உன்னது அளந்த மீனு, ஆனா அவன் மீன்தான்டா மனசுல நிக்குது" அப்படின்னு சொன்னது யாரு தெரியுமா, டேப் பிடிச்சு 43 கரெக்ட்டுன்னு சொன்ன அதே ஆளு!

1932-ல ஜார்ஜ் பெர்ரின்னு ஒருத்தர் அமெரிக்காவுல பிடிச்ச பாஸ்ங்கற வகை மீன் 22 பவுண்டு 4 அவுன்ஸ், அந்த வகையில அதான் உலக சாதனை. 2009-ல ஜப்பான்ல பீவா ஏரியில மனாபு குரிதா பிடிச்சது அதைவிட ஒரு அவுன்ஸுக்குக் கொஞ்சம் கம்மியான அளவுதான் கூட இருந்துது. 2 அவுன்ஸாவது தாண்டினாத்தான் முந்தினதா கணக்குன்னு சொல்லி, சாதனையைப் பதியறவங்க ரெண்டு பேரும் சமம்னு எழுதிட்டாங்க. 2 அவுன்ஸுன்னா 57 கிராம்டா! அந்த மனுஷன் கையில மீனோட நின்னாரு, அப்பவும் தனியா சாதனை தரல. இங்க வெறுங்கையோட நிக்கறவனுக்குப் பதக்கம்.

2022-ல ஓஹியோவுல ஒரு மீன்பிடி போட்டியில ரெண்டு பேரு மீன் வயித்துக்குள்ள ஈயக்குண்டு திணிச்சு எடை காமிச்சாங்க, மீனைக் கிழிச்சதும் குண்டு வெளிய வந்துச்சு, பத்து நாள் ஜெயில். மீன் கையில இருந்ததால அவங்க மாட்டினாங்க. தப்பிச்ச மீனோட வயித்தை எங்க போய்க் கிழிக்கறது? அதனாலதான் இவன் வருஷா வருஷம் மாட்டாமலே போறான், போன வருஷம் கெளுத்தி, அதுக்கு முந்தின வருஷம் ராடையே இழுத்துட்டுப் போனது என்னன்னே தெரியாத ஒண்ணு.

கதை சொல்லுங்கடா, யாரு வேணாம்னா. விடிய விடிய சொல்லுங்க, நானும் உக்காந்து கேக்கறேன். ஆனா டேப்புன்னு ஒண்ணை விரிச்சு வச்சுட்டு, அதுல ஒரு உசுரைப் படுக்க வச்சு அளந்துட்டு, அப்புறம் அதை மிதிச்சுட்டு கதைக்குப் போய் கை தட்டாதீங்க.

இன்னொண்ணும் இருக்கு, இருபத்தஞ்சு வருஷமா தொண்டையில நிக்குது. பத்தாவதுல ஜன்னல் கண்ணாடி உடைஞ்ச கதையை ஒவ்வொரு தடவையும் இவன் எடுப்பான், "எல்லாருக்காகவும் நான்தான் ஏத்துக்கிட்டேன், நான்தான் அடி வாங்கினேன்"னு. இந்தத் தடவையும் எல்லாரும் ஆமா ஆமான்னு தலையாட்டினீங்க. டேய், பந்தை அடிச்சது அவன். முட்டி போட்டது நானு. அன்னிக்கு சாயங்காலம் என் சைக்கிளைத் தள்ளிட்டு வீடு வரைக்கும் அழுதுகிட்டே கூட வந்தவன் அவன், அது அவனுக்கே நல்லா ஞாபகம் இருக்கும்.