எந்த இயங்குதளத்தில் ஓட்டினீர்கள் என்று கேட்டிருக்கலாம்

சனிக்கிழமை மென்பொருள்காரர்கள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்திருந்தவர்களுக்கு விஷயம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். மேடையேறிய ஒரு பெண் பேச்சைப் பாதியில் நிறுத்தி, லேப்டாப்பை மூடிவிட்டு வந்து உட்கார்ந்ததை மூன்றாவது வரிசையிலிருந்து பார்த்தேன். முகம் சுண்டிப்போயிருந்தது.

அவர் சொன்னது இவ்வளவுதான். வலைப்பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் (nginx), கோரிக்கைகளுக்குப் பதில் தரும் வொர்க்கர் நான்கு வைத்து, ஒரே நேரத்தில் ஏராளமான கோரிக்கைகளை அனுப்பிச் சோதித்திருக்கிறார். ஒன்றுதான் உழைக்கிறது, மூன்று சும்மா இருக்கின்றன, காரணம் புரியவில்லை என்றார். திரையில், எந்தப் புரோகிராம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜர் திறந்தே இருந்தது. வொர்க்கர்களை மேய்க்கும் மாஸ்டர் ஒன்று, வொர்க்கர் நான்கு, ஆக ஐந்து வரிகள். சிபியு பத்தியில் ஒரே ஒரு வரியில் மட்டும் எண் துள்ளிக்கொண்டிருந்தது. மற்றவற்றில் பூஜ்யம். மைக்கைப் பிடித்திருந்த மூத்தவர் கேட்டது ஒன்றுமில்லை, தீர்ப்புத்தான் சொன்னார். "நான்கு வொர்க்கர் வைத்தால் நான்கும் வேலை செய்யும். உங்களுக்குச் சோதிக்கத் தெரியவில்லை. அடிப்படையைப் படித்துவிட்டு மேடையேறுங்கள்." பாதி அரங்கம் சிரித்தது.

அந்தப் பெண் கண்டது சரி. முழுக்கச் சரி. விண்டோஸில் எத்தனை வொர்க்கர் வைத்தாலும் ஒன்றுதான் உண்மையில் வேலை செய்யும் என்று என்ஜின்எக்ஸின் ஆவணமே சொல்கிறது. விண்டோஸ் பதிப்பைச் சோதனைப் பதிப்பாகவே கருதுகிறோம், பெரிய வேகத்தை எதிர்பார்க்காதீர்கள் என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது. "எந்த இயங்குதளத்தில் ஓட்டினீர்கள்?" இந்த ஒரு கேள்வி போதும். அவருடைய திரையைப் பார்த்திருந்தால் அதைக்கூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை.

சர்வர் தனியாக எதையும் செய்வதில்லை. இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல் என்ன வசதி தருகிறதோ அதை வைத்துத்தான் பிழைக்கிறது. எந்த இணைப்பில் வேலை வந்திருக்கிறது என்று அறியவும் கெர்னலைத்தான் கேட்க வேண்டும். பந்தியில் பரிமாறுகிறவர் ஒவ்வோர் இலையாக நின்று "சாதம் வேண்டுமா, சாதம் வேண்டுமா" என்று கேட்டுக்கொண்டே போனால் அது செலக்ட். ஆயிரம் இலை போட்டிருந்தால் கேட்பதிலேயே பொழுது போய்விடும். கை தூக்கியவர்களின் பட்டியல் மட்டும் பரிமாறுகிறவர் கையில் வந்து சேர்ந்தால் அது ஈபோல். லினக்ஸில் அது 2.6 கெர்னலோடு 2003 டிசம்பரில் எல்லோர் கைக்கும் வந்தது. ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னோர் இயங்குதளம் 2000இலேயே அதே மாதிரியான கேக்யூவைக் கொண்டுவந்துவிட்டது. விண்டோஸின் ஐஓசிபி வேறு மாதிரி: சாதத்தை இலையில் போட்டு முடித்த பிறகு, "போட்டாயிற்று" என்று வந்து சொல்லும். அது விண்டோஸ் என்டி 3.5 காலத்து ஏற்பாடு, 1994. ஆகவே "விண்டோஸ் விளையாட்டுச் சாமான்" என்று சிரிப்பவர்கள் அந்த ஆண்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். வசதி அங்கே இருக்கிறது. என்ஜின்எக்ஸின் விண்டோஸ் பதிப்பு அதைப் பயன்படுத்தாமல் செலக்ட், அதன் உறவான போல் ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டை சர்வரில் ஓட்டும் நோட் (Node.js) இந்த மூன்று இயங்குதளங்களிலும் ஓடுவதற்குக் காரணம், அடியில் இருக்கும் லிப்யூவி என்ற நிரல் தொகுப்பு அந்தந்த ஊர் வழக்கத்தைத் தானே பேசிக்கொள்வதுதான்.

அப்பாச்சி என்ற இன்னொரு சர்வரும் இப்படித்தான். லினக்ஸில் ப்ரீஃபோர்க் முறையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனிப் புராசஸ், அதாவது தனியாக ஓடும் ஒரு பிரதி. அப்படிப் பிரதியெடுக்கும் ஃபோர்க் விண்டோஸில் கிடையாது என்பதால் ஒரே புராசஸுக்குள் த்ரெட்டுகள் என்னும் இழைகள், இயல்பாக 64. பைதான் புரோகிராம்களுக்கான கூனிகார்ன் சர்வரோ விண்டோஸில் ஓடவே ஓடாது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் மட்டும் இருக்கும் எஃப்சிஎன்டிஎல் இல்லை என்று சொல்லி நின்றுவிடும். எத்தனை மாணவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் மேல்தான் தவறு என்று இரவெல்லாம் விழித்திருக்கிறார்கள், தெரியுமா?

எனக்குத் தெரியும். 2006இல் நானும் விழித்திருந்தேன். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஆலைக்குச் சம்பளக் கணக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆலையில் கொடுத்த கணினியில் விண்டோஸ் எக்ஸ்பி புரொஃபஷனல், அதில் மைக்ரோசாஃப்டின் வலை சர்வரான ஐஐஎஸ் 5.1. தனியாகச் சோதித்தபோது எந்தக் குறையும் இல்லை. முதலாளி முன்னிலையில் எட்டுப் பேர் ஒன்றாகத் திறந்தார்கள். ஐந்து பேருக்கு வந்தது. ஆறாவது ஆளின் திரையில் 403.9, பயனர்கள் அதிகம் என்று. கணக்காளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என் மேலாளர் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், "வேலை தெரியாதவனை அனுப்பிவிட்டேன்" என்றார். இரண்டு இரவுகள் என் புரோகிராமை வரிவரியாகத் தோண்டினேன். தவறு அதில் இல்லை. எக்ஸ்பி ஒரே சமயத்தில் பத்து இணைப்புகளுக்கு மேல் ஏற்காது. அந்தக் காலத்து உலாவி ஒவ்வொன்றும் இரண்டு இணைப்புகளைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து பேரோடு கதவு சாத்தியாயிற்று. இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

"நிஜ வேலையில் யார் விண்டோஸில் என்ஜின்எக்ஸ் ஓட்டுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். யாரும் ஓட்டவேண்டாம். கற்றுக்கொள்பவர் வீட்டில் இருக்கும் லேப்டாப்பில்தான் கற்றுக்கொள்வார். கடையில் வாங்கியபோது அதில் விண்டோஸ் இருந்தது, அவ்வளவுதான். "விண்டோஸ் லேப்டாப்பிலேயே லினக்ஸ் சூழலில் ஓட்ட டாக்கர் போட்டிருக்கலாமே?" போட்டிருக்கலாம். அதைச் சொல்லிக் கொடுத்திருக்கலாமே நீங்கள்?

"நேரில் சொல்லாமல் ஏன் இங்கே எழுதுகிறாய்" என்று ஒரு நண்பர் நேற்றுப் போனில் கோபப்பட்டார். நேரில்தான் கை தூக்கினேன். இரண்டு முறை தூக்கினேன். மைக் என் பக்கம் வரவில்லை. எழுந்து நின்று சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்றால், ஆம், சொல்லியிருக்க வேண்டும். சொல்லாதது என் தவறு. அந்தக் குற்ற உணர்ச்சியும் சேர்ந்துதான் எழுத வைக்கிறது. மூத்தவர் மீது எனக்குப் பகை கிடையாது, அவரிடம் நானே கற்றிருக்கிறேன். ஆனால் இருபது ஆண்டு அனுபவம், ஒரு திரையைத் திரும்பிப் பார்க்கக்கூட விடவில்லையென்றால் அது என்ன அனுபவம்? கண்ணால் கண்டதைக் கண்டபடி சொன்ன ஒருவரை, "நீ கண்டது பொய்" என்று ஊர் நடுவில் சொல்கிறோம். அடுத்த முறை அவர் தன் கண்ணை நம்புவாரா? எனக்கு அந்த நம்பிக்கை திரும்ப வரச் சில ஆண்டுகள் பிடித்தன.

நேற்று இரவு பழைய விண்டோஸ் லேப்டாப்பை எடுத்து அந்தப் பெண் செய்ததையே நானும் செய்தேன். நான்கு வொர்க்கர், அதே மாதிரிக் கோரிக்கைகள். பத்து நிமிடம் டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுதான் ஓடியது. பிறகு லினக்ஸில் அதே அமைப்பை வைத்தேன், நான்கும் ஓடின. இரண்டு திரைகளையும் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் தொடர்பு யாரிடமாவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். படங்களை முதலில் அவருக்கு அனுப்ப வேண்டும்.