இடதுகைப் பிள்ளைக்குத் தனி ஹாக்கி ஸ்டிக் தேவையில்லை

"பையன் இடதுகைப் பழக்கம், அதனால் இடதுகை ஸ்டிக் வாங்கிக் கொடுத்தால்தான் ஹாக்கி வரும்" என்று ஒரு அண்ணா எழுதியிருக்கிறார். தயவுசெய்து அதை நம்பிக் காசைக் கொடுத்துவிடாதீங்க. ஹாக்கி விதிப்படி ஸ்டிக்கின் இடதுபக்கம் மட்டுமே தட்டையாக இருக்க வேண்டும். தட்டைப் பக்கம் வலதுபக்கம் வருமாறு திருப்பிச் செய்த இடதுகை ஸ்டிக்கைப் போட்டியில் அனுமதிக்க மாட்டார்கள். உருண்டையான பின்பக்கத்தால் பந்தைத் தொட்டாலும் ஃபவுல்தான்.

பிடிப்பைப் பார்த்தாலே விஷயம் புரியும். எல்லோருக்கும் இடதுகை மேலே, வலதுகை கீழே. பந்தை இடமும் வலமுமாகத் தட்டிக்கொண்டு ஓடும்போது ஸ்டிக்கைச் சுழற்றுவது மேலிருக்கும் இடதுகை. வலதுகை தளர்வாகத் தாங்கினால் போதும், அந்தப் பிடிக்குள் ஸ்டிக் உருள வேண்டும். ரிவர்ஸ் ஸ்டிக்கில், அதாவது ஸ்டிக்கைக் கவிழ்த்துத் தட்டைப் பக்கத்தால், பந்தை நிறுத்தும்போதும் மணிக்கட்டைத் திருப்புவது இடதுகைதான். வலதுகைப் பிள்ளைகள் தடுமாறும் அந்த இடத்தில் இடதுகைப் பிள்ளைக்கு வசதி கூடுதல்.

ஈரோட்டில் காலை நேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். முதல் சில வாரம் கையை மாற்றிப் பிடிப்பார்கள். அப்போது திட்ட வேண்டாம். "கண்ணு, இடதுகை மேலே" என்று பொறுமையாகச் சொன்னாலே பழகிவிடும்.

அப்புறம், நம் செம்மண் மைதானங்களில் பந்து துள்ளும், ஸ்டிக்கைச் சட்டென்று நகர்த்த வேண்டியிருக்கும். அதனால் பெரியவர்களின் 36.5 அங்குல ஸ்டிக்கைக் கொடுக்காமல், பிள்ளையின் இடுப்பளவுக்கு எட்டும் லேசான ஸ்டிக்காகப் பார்த்து வாங்குங்க.